இடது பக்கச் சடை

என் மனைவி இறந்துபோன அன்று காலையிலும் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டுத்தான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள்.

அவள் பின்னும் விதமே வேறு. மற்றப் பெண்கள் பிடரியில் முடியைப் பிரித்து அங்கிருந்து பின்னுவார்கள். இவள் காதுக்கு மேலேயே தொடங்குவாள். பக்கத்தில் இருக்கிற பொடி முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து, கறுப்புத் துணியில் கிழித்த ஒரு நாடாவையும் முடியோடு முடியாக விட்டு, இறுக்கிப் பின்னிக்கொண்டே வருவாள். கடைசியில் நுனியை மேலே மடித்து அதே நாடாவால் முடிச்சுப் போடுவாள். எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். காற்றும் மழையும் ஓயாத இடம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே அரை மணி நேரம் நடக்க வேண்டும். இப்படிப் பின்னினால் முடி அறாது, சிக்கு விழாது, பேன் ஏறாது, இரண்டு நாளைக்கு அசையாது என்பாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஓடுகிறவளுக்கு அந்த இரண்டு நாள் பெரிய உதவி.

"இழுக்காதம்மா, வலிக்குது" என்று மகள் அன்றைக்கும் கத்தினாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"இழுக்காம பின்னுனா நீ பள்ளிக்கூடம் போய்ச் சேர்றதுக்குள்ள காக்கா வந்து கூடு கட்டிரும்."

"கட்டட்டும். முட்டை கிடைக்கும்."

"கிடைச்சா ஒங்கப்பாவுக்குப் பொரிச்சுக் குடு. அவருக்குத்தான் தேத்தண்ணியக் குடிக்கவே முக்கா மணி நேரம் ஆகுதே."

நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் கைகளை நான் பார்க்கவில்லை. தினமும் நடக்கிற காரியத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

பத்து மணிக்கு மேல் மலையில் குளவி கலைந்துவிட்டது. எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். இவள் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானில் கால் வைத்து விழுந்துவிட்டாள். நான் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டுகிற மெஷினில் வேலை செய்கிறேன். ஆள் வந்து சொல்லி நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் கொண்டையை அவிழ்த்து, முடிக்குள் சிக்கியிருந்த குளவிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

இழவு வீட்டில் முதல் சண்டையே சடையால்தான் வந்தது. என் அக்கா வட்டகொடைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முறை தெரிந்து முன்னால் நிற்பவள் அவள்தான். "தாயப் பறிகொடுத்த புள்ள தலையப் பின்னிக்கிட்டு நிக்கலாமா?" என்று மகளைப் பிடித்து இழுத்து முடிச்சை அவிழ்க்கப் போனாள். மகள் அவள் கையைக் கடித்துவிட்டாள். சாதாரணக் கடி இல்லை. ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு யாரும் அவள் தலையில் கை வைக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி பதினாறு நாள் கருமாதி முடிகிறவரைக்கும் வீட்டில் யாரும் எண்ணெய் வைக்கக் கூடாது, தலை சீவக் கூடாது. அந்த வழக்கம் மகளுக்கு வசதியாகப் போய்விட்டது. தாய் பின்னிய சடையோடு அப்படியே இருந்தாள். படுக்கும்போது ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மல்லாந்து படுப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் பதினாறாம் நாள் எல்லாரும் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகித் தீட்டுக் கழிக்க வேண்டும். அன்று விடிந்ததும் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"தம்பி, பூசாரி வர்றதுக்குள்ள புள்ள தல முழுகணும். நான் கிட்டப் போக மாட்டேன். பல்லு இன்னும் என் கையில இருக்கு."

மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அப்பா பிரிக்கட்டும்" என்றாள். "ஆனா திருப்பி இதே மாதிரி போடணும்."

"ஒங்கப்பனுக்கு என்னடி தெரியும்? இடுப்புல சாரம் நிக்கவே ஊரெல்லாம் சாமி கும்புடணும்."

வாசலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது. அன்றைக்கு மட்டும், "போடுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

தொழிற்சாலையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சாமானைப் பழுது பார்க்க வேண்டி வந்தால், நாங்கள் இரண்டையும் சேர்த்துக் கழற்ற மாட்டோம். ஒரு பக்கத்தைக் கழற்றுவோம். மறு பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி மாட்டுவோம். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதனால் மகளிடம், "பாப்பா, வலது பக்கத்த மட்டும் பிரிக்கிறேன். இடது பக்கத்துல அம்மா போட்டது அப்படியே இருக்கட்டும். அதப் பாத்து இதப் போடுவேன். இது சரியா வந்தப்பறம் அதப் பிரிச்சுக்கலாம்" என்றேன். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

வலது சடையைப் பிரித்தேன். முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு மடிப்பாக, எது எதற்கு மேலே போகிறது என்று மனதில் வைத்துக்கொண்டே பிரித்தேன். பிரித்து முடித்ததும் முடி நெளி நெளியாக நின்றது. விறகுப் புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம் வந்தது. அக்கா அந்தப் பாதித் தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்துத் தேய்த்து, பீலியில் கொட்டுகிற தண்ணீரில் அலசினாள்.

"எந்த ஊர்லயாவது அரைத் தலைக்குத் தீட்டுக் கழிப்பாங்களா? அந்தப் புண்ணியவதி மேல இருந்து பாத்தா தலையில அடிச்சுக்குவா" என்று திட்டிக்கொண்டே அலசினாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

நான் பின்னினேன். இடது பக்கத்தை எட்டிப் பார்த்து, அதே போல இங்கேயும். அதில் மேலே போன முடி இதிலும் மேலே. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. முடித்து நிமிர்ந்து பார்த்தால், இடது சடை காதோடு ஒட்டிப் பின்பக்கம் படிந்திருந்தது. நான் போட்டது கன்னத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. இடது பக்கத்தில் பார்த்ததை வலது பக்கத்தில் திருப்பிப் போட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கிற தங்கச்சி முறைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ அண்ணே, ஒரு கொம்பு மேயப் போகுது, ஒரு கொம்பு முட்ட வருதே!" என்றாள்.

கருமாதி வீடு என்பதையும் மறந்து எல்லாரும் சிரித்தார்கள். மகளும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பதினாறு நாளில் அவளுடைய முதல் சிரிப்பு அதுதான். "பரவாயில்லப்பா. அம்மாது இருக்குல்ல? அதப் பாத்துப் பாத்துப் படிங்க" என்றாள்.

மறுநாள் அக்கா வட்டகொடைக்குப் புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நாலு நாளைக்குள்ள அந்தச் சடையையும் பிரிச்சு விட்டுரு தம்பி. மழைக் காலம். துணி வேற வச்சுப் பின்னியிருக்கா."

"சரிக்கா" என்றேன்.

தினமும் காலையில் வலது பக்கத்தைப் பிரித்துச் சீவிப் பின்னினேன். முதல் நாலைந்து நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே அவிழ்ந்து தொங்கும். பிறகு கை கொஞ்சம் படிந்தது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது பிடிபட்டது. காதுக்கு மேல் தொடங்குகிற இடம்தான் கஷ்டம். மூன்று பிரிவையும் ஒரே அளவாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கை தளரக் கூடாது. பத்தாவது நாளோ என்னவோ, பின்னி முடித்து விலகி நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருந்தன. பக்கத்துக் காம்பராத் தங்கச்சிகூட, "அண்ணே, இப்ப எது அண்ணி போட்டது, எது நீங்க போட்டது?" என்று கேட்டாள்.

எனக்கு வந்துவிட்டது. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. மறுநாள் வேண்டுமென்றே வலது சடையைத் தளர்வாகப் பின்னினேன். மாலையில் அது அவிழ்ந்து வந்தது. "பாத்தியா, இன்னும் சரியா வரல" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த வீட்டில் என் மனைவி செய்து வைத்ததில் கலையாமல் இருந்தது அது ஒன்றுதான். அவள் அரைத்து வைத்த மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது. மடித்து வைத்த துணிகளை அக்கா எடுத்து வேறு மாதிரி அடுக்கிவிட்டாள். சட்டி, பானை, படுக்கை எல்லாம் வேறு கை பட்டு இடம் மாறிவிட்டன. சடையில் மட்டும் அவள் விரல் போன வழி அப்படியே இருந்தது. மகள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கிறவன் போல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு மடிப்பில் கொஞ்சம் இறுக்கம் அதிகமாக இருக்கும். அந்த இடத்தில்தான் "முட்டை கிடைக்கும்" என்று மகள் சொன்னதற்கு என் மனைவி அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாள் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

"அப்பா, இந்தப் பக்கம் அரிக்குது" என்றாள் மகள் ஒருநாள்.

"ரெண்டு நாள் பொறு பாப்பா. அந்த ஆரம்பம் மட்டும் இன்னும் புடிபடல."

"நேத்து நல்லாத்தான போட்டீங்க?"

"அது குருட்டாம்போக்குல வந்தது."

பக்கத்துக் காம்பராத் தங்கச்சி, "போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுப் பிரிச்சு விடுங்கண்ணே. பாத்துப் பின்னத்தான வேணும்?" என்று சொன்னாள். எடுத்தேன். இரண்டு மூன்று தடவை எடுத்தேன். போனில் கறுப்பாக ஏதோ தெரிந்ததே தவிர, மடிப்பு எதுவும் தெரியவில்லை. "போட்டோவுல ஒண்ணும் வெளங்கல" என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க மழை. குடையையும் காற்று திருப்பிவிடும். மகள் நனைந்துதான் வருவாள். வலது பக்கத்தை அவிழ்த்து அடுப்பு அனலில் காய வைப்பேன். இடது பக்கத்தைத் துண்டால் அழுத்தித் துடைப்பதோடு சரி. மேலே காய்ந்துவிடும். உள்ளே இருக்கிற துணி காயாது. எனக்கு அது தெரியாதா? தோட்டத்தில் பிறந்தவன், ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் வளர்ந்தவன் இல்லை. அவள் அரிக்கிறது என்று சொல்வதையும் பிறகு நிறுத்திவிட்டாள். நான் அதை நல்லதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கொப்பிக்குள் டீச்சர் ஒரு துண்டுக் கடிதம் வைத்து அனுப்பியிருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'பிள்ளையின் தலையிலிருந்து வாடை வருகிறது. பக்கத்தில் இருக்க மற்றப் பிள்ளைகள் மறுக்கிறார்கள். ஒரு வாரமாகத் தனி வாங்கில் இருக்கிறாள். தாய் இல்லாத பிள்ளை என்பதால் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. தயவுசெய்து கவனியுங்கள்.'

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மகளைக் கூப்பிட்டேன்.

"ஒரு வாரமா தனியாவா உக்காந்திருக்க?"

"ம்."

"ஏன் பாப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கதான் இன்னும் படிக்கலன்னு சொன்னீங்க."

அப்போதே அவளை வெளிச்சத்தில் உட்கார வைத்து முடிச்சில் கை வைத்தேன். முடிச்சு அவிழவில்லை. துணியும் முடியும் சேர்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. காதுக்கு மேலே லேசாக விலக்கிப் பார்த்தேன். மகள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பராவிலிருந்து தங்கச்சி ஓடி வந்துவிட்டாள். சடை தொடங்குகிற இடத்தில் தோல் வெந்ததுபோல் இருந்தது. சீழ் கட்டியிருந்தது. தங்கச்சி குனிந்து பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் வயதான ஒரு சிங்களத் தாதி. தமிழ் கொஞ்சம் பேசுவார்.

"ஐயோ, அப்பா! இவ்வளவு நாள் ஏன் வச்சது? தலை கழுவுறதில்லையா? அம்மா எங்க?"

மகள்தான் பதில் சொன்னாள்.

"அம்மா செத்துப் போச்சு. இது அம்மா போட்ட சடை. அப்பா இதப் பாத்துப் படிச்சுக்கிட்டு இருந்தாரு. அவருக்குச் சீக்கிரம் வரல."

தாதி என் முகத்தைப் பார்த்தார். முடியை ஒட்ட வெட்டினால்தான் மருந்து போட முடியும் என்றார். கத்தரிக்கோலை எடுத்துக் காதுக்கு மேலிருந்து மெதுவாக வெட்டிக்கொண்டு வந்தார். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். சடை பின்னியபடியே முழுசாகக் கையோடு வந்தது. ஒரு பக்கம் மொட்டையாகவும் மறு பக்கம் சடையாகவும் விட முடியாது என்று, நான் போட்ட வலது சடையையும் அவிழ்த்துக் குட்டையாக வெட்டிவிட்டார். புண்ணுக்கு ஊதா மருந்து பூசினார். இடது சடையைப் பழைய பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. பஸ் வரும் இடத்தில் ஒரு மதகு. அதன் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கீழே கான் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினேன்.

"எனக்கு வேணாம். நீங்க வச்சுக்குங்க."

"ஒனக்குத்தான பாப்பா அது வேணும்னு இருந்த?"

"அது அப்ப. நான்தான் எப்பவோ அரிக்குதுன்னு சொன்னேனே."

சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வெட்டிய முடியை வீட்டில் வைக்கக் கூடாது என்று எங்களில் சொல்வார்கள். எடுத்துக்கொண்டு போனாலும் வைக்க இடம் கிடையாது. பேப்பரைப் பிரித்தேன். மடியில் வைத்து முடிச்சை நகத்தால் நெம்பினேன். தலையில் இருக்கும்போது அவிழாதது இப்போது அவிழ்ந்தது. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். நான் அவசரப்படவில்லை. ஆனாலும் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்பப் படிச்சிட்டீங்களாப்பா?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"படிச்சு ரொம்ப நாளாச்சு பாப்பா. பத்துப் பன்னெண்டு நாளுக்கு முன்னயே வந்துருச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு புரிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது. நான் முடியையும் துணியையும் கானில் விட்டேன். துணி ஒரு கல்லில் மாட்டிக்கொண்டு நின்று, பிறகு அதுவும் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "முடி வளர எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

"பின்னுற அளவுக்குன்னா ஒரு வருசத்துக்கு மேல ஆகும்."

"அதுக்குள்ள நீங்க மறந்துருவீங்க."

"மறக்க மாட்டேன்."

புண் ஆறிப் பொருக்கு உதிர்ந்தது. அந்த இடத்தில் முடி முளைக்குமா முளைக்காதா என்று மூன்று மாதம் தினமும் விரலால் தடவிப் பார்த்தேன். முளைத்தது. பூனை மயிர் போல முதலில் வந்து, பிறகு கறுத்தது. ஒன்றரை வருடத்தில் தோளைத் தொட்டது. பள்ளிக்கூடத்தில் இனி இரட்டைச் சடைதான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அவள் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வகிடு எடுத்தேன். காதுக்கு மேலே முடியைப் பிடித்தேன். மூன்றாகப் பிரித்தேன். அதற்கு மேல் எது எதற்கு மேலே போக வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. ஒரு தடவை போட்டேன், அது முன்பக்கம் நீட்டியது. பிரித்தேன். மறுபடி போட்டேன், அதுவும் சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடது சடையை நினைத்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

நான் கையை எடுத்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். திரும்பாமலேயே பின்னால் கை நீட்டி ரிப்பனை என் மடியில் போட்டாள்.

"எப்படியாவது போடுங்கப்பா" என்றாள். "மணியடிச்சிருவாங்க."